தெற்கோடைக்குப் போன சேதி

ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்துபோன மறு வருஷம், பழவேற்காட்டு ஏரியின் மேற்குக் கரையில் சவுக்குத் தோப்புக்கு நடுவே இருந்த வனத்துறை கேம்ப்பில், யாரும் யாரையும் நம்பாத ஒரு பனிக்காலம் வந்தது.

கேம்ப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஃபாரஸ்டருக்கு ஒரு ஓட்டு வீடு, ஆபீஸ் என்று சொல்லப்பட்ட ஒரு ஹால், கார்டுகளுக்கும் வாட்சருக்கும் வரிசையாகச் சில குச்சு வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு. ஃபாரஸ்டர் வீட்டு அம்மாவுக்குக் குளிர் ஜுரம் வந்தாலும், ரேஞ்சர் ஜீப் எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டினாலும், நர்சரியில் போட்ட வேப்பங்கன்று கருகினாலும் அந்தக் கிணற்றடிக்கு முதலில் தெரிந்துவிடும். வாட்சர் ஆதிகேசவன் தினமும் தபாலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் எளாவூர் போய்வருவான். போகும்போது கேம்ப்பின் சேதியைக் கொண்டுபோவான், வரும்போது ஊரின் சேதியைக் கொண்டுவருவான். இரண்டுக்கும் கொஞ்சம் சொந்தச் சரக்கும் சேர்த்துக்கொள்வான்.

அந்த வருஷம்தான் ஏரியின் திட்டுகளில் பறவை பிடிக்கக் கூடாது என்று உத்தரவு வந்திருந்தது. அதுவரை கரையோரக் குப்பத்து ஆட்கள் பனிக்காலத்தில் வலை கட்டித் தாராவும் பூநாரையும் பிடித்து, கல்கத்தா ரோட்டில் நிற்கும் லாரிக்காரர்களுக்கு விற்றுவந்தார்கள். உத்தரவுக்குப் பிறகும் அது நிற்கவில்லை. விடியலில் கேம்ப்பிலிருந்து தோணி கிளம்பிப் போனால், தண்ணீரில் நட்ட குச்சிகளும் மிதக்கிற இறகுகளும் மட்டும் இருக்கும். ஆட்கள் எதிர்க்கரைக்குப் போயிருப்பார்கள். எதிர்க்கரை இப்போது வேறு மாநிலம்.

ஒருமுறை என்றால் தற்செயல். போகும்போதெல்லாம் இப்படியே நடந்தால், உள்ளேயிருந்து யாரோ சொல்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

ஃபாரஸ்டர் பூவராகவனுக்கு இதில் சந்தேகமே இல்லை. தென்னாற்காட்டிலிருந்து வந்தவர், நெற்றியில் ஒற்றைக்கோடு, எதையும் மெதுவாகப் பேசுகிறவர். யார் என்று மட்டும்தான் அவர் யோசித்துக்கொண்டிருந்தார். கேம்ப்பில் எல்லோருமே அதைத்தான் யோசித்தார்கள். கிணற்றடியில் பேச்சு குறைந்தது. ஒருவர் வாளி இறக்கும்போது இன்னொருவர் வந்தால், முதல் ஆள் தண்ணீரை அரைவாளியோடு தூக்கிக்கொண்டு போனார்.

போகப்போக எல்லோருடைய பார்வையும் ஹனீப் மேல் வந்து நின்றது.

ஹனீப் ஐப்பசியில் வேலைக்குச் சேர்ந்த புது கார்டு. பழவேற்காட்டில் தலைமுறையாக வியாபாரம் செய்கிற குடும்பம். அப்பா ஷேக் தாவூதுக்குப் பினாங்கில் கடை இருந்தது. அப்படிப்பட்ட வீட்டுப் பையன், காக்கி டிரவுசர் போட்டுக்கொண்டு சவுக்குக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலைக்கு ஏன் வந்தான் என்று யாருக்கும் விளங்கவில்லை. கேட்டால், எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு என்பான். அவ்வளவுதான். வீட்டைப் பற்றிப் பேச மாட்டான். அவன் வந்த பிறகுதான் கேம்ப்பின் தோணி வெறுங்கையோடு திரும்ப ஆரம்பித்தது என்று ஆதிகேசவன் ஃபாரஸ்டரிடம் சொன்னான். அதற்கு முன்பும் அப்படித்தான் திரும்பியது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் ஆதிகேசவன் சொன்னான். வெள்ளிக்கிழமை மத்தியானங்களில், பள்ளிவாசலுக்குப் போகிறேன் என்று ஹனீப் லீவு வாங்கிக்கொண்டு போகிறான். ஆனால் பள்ளிவாசல் இருக்கிற பக்கம் போவதில்லை, தோணித்துறைக்குப் போகிறான்.

இதை நேரில் பார்த்துவரும்படி பூவராகவன் அனுப்பிய ஆள் சுப்பராயன்.

சுப்பராயன் கேம்ப்பின் மூத்த கார்டு. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்து, சர்க்கார் வேலை கிடைத்ததை இன்னும் ஆச்சரியமாக நினைத்துக்கொண்டிருந்தவன். மனைவி முத்தம்மா ஏரிக்கரை ஓடைக்குப்பத்துப் பெண். பிள்ளை இல்லை. முத்தம்மாவுக்குத் தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டதால், அண்ணன் சின்னராசுதான் அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தான். சின்னராசும் ஒருகாலத்தில் பறவைவலை கட்டியவன்தான். உத்தரவு வந்ததும், இனிமேல் இறாலோடு சரி, உன் வேலைக்கு என்னால் கெட்ட பேர் வராது மச்சான் என்று சுப்பராயனின் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தான். சுப்பராயன் அதை நம்பினான்.

அந்த வெள்ளிக்கிழமை அவன் தாழம்புதருக்குப் பின்னால் உட்கார்ந்து தோணித்துறையைப் பார்த்தான். பழவேற்காட்டுப் பக்கமிருந்து ஒரு தோணி வந்தது. வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு பெண் இறங்கினாள். கூடவே மூடிய கூடை ஒன்று. ஹனீப் அதை வாங்கிக்கொண்டான். இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார்கள். அவள் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அதே தோணியில் ஏறிப் போய்விட்டாள்.

சாயங்காலம் ஹனீப் கேம்ப்புக்குத் திரும்பியதும் சுப்பராயன் பேச்சுவாக்கில் கேட்பதுபோல, "இன்னா ஹனீபு, ஊர்லேந்து யார்னா வந்தாங்களா?" என்றான்.

"யாரும் வரலையே அண்ணே," என்றான் ஹனீப். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னான்.

அந்தப் பொய் போதுமானதாக இருந்தது. சுப்பராயன் பார்த்ததையும் கேட்டதையும் ஃபாரஸ்டரிடம் சொன்னான். மூடிய கூடையில் என்ன வந்தது, அந்தப் பெண் யாருக்கு ஆள் என்று இரண்டு பேரும் பலவிதமாகப் பேசிப்பார்த்தார்கள். பேசப் பேச எல்லாமே பொருந்தி வந்தது.

பூவராகவன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். நர்சரிப் பாத்திக்குப் பக்கத்தில், யாரும் காதில் வாங்க முடியாத இடத்தில் சுப்பராயனை நிறுத்தி வைத்துச் சொன்னார். அடுத்த வாரம் சனிக்கிழமை விடியலில் வடதிட்டுக்குப் போகிறோம் என்று ஹனீபிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லப்போகிறார். உண்மையில் அவரும் சுப்பராயனும் போவது தெற்கோடைக்கு. ஹனீப்தான் சேதி சொல்கிறவன் என்றால், குப்பத்து ஆட்கள் வடதிட்டை விட்டுவிட்டுத் தெற்கோடையில் வலை கட்டுவார்கள். கையோடு பிடித்துவிடலாம். ஹனீபையும் ஆதிகேசவனையும் பேருக்கு வடதிட்டுக்கு அனுப்பிவைப்பார். ஆதிகேசவனுக்குக் கிளம்பும்போதுதான் தெரியும்.

"தெற்கோடை விஷயம் நமக்குள்ள இருக்கட்டும்," என்றார்.

சுப்பராயன் சரி என்றான். ஃபாரஸ்டர் தன்னை இந்த அளவுக்கு நம்புகிறார் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

சனிக்கிழமை இருட்டு பிரிகிற நேரத்தில் இரண்டு தோணிகள் கிளம்பின. தெற்கோடையின் வாயில் சுப்பராயனும் பூவராகவனும் தோணியை விட்டு இறங்கி, முழங்கால் தண்ணீரில் சத்தம் போடாமல் நடந்தார்கள். ஓடையில் ஒருவரும் இல்லை. மேட்டில் அணைத்த நெருப்பின் சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. சேற்றில் குச்சிகளைப் பிடுங்கிய குழிகள், தண்ணீர் ஊறி மூடிக்கொண்டிருந்தன. முந்தின நாள் வரை இங்கேதான் வலை இருந்திருக்கிறது. யாரோ அவசரமாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பூவராகவன் அந்தக் குழிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுப்பராயனைப் பார்த்தார்.

அப்போதுதான் வடக்கிலிருந்து ஆதிகேசவன் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

வடதிட்டில் வலை இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். ஆதிகேசவன் சொன்னதிலிருந்து விவரம் தெரிந்தது. தோணி நெருங்கியதும் குப்பத்து ஆட்கள் வலையை அப்படியே விட்டுவிட்டுத் தங்கள் தோணிக்கு ஓடினார்கள். ஹனீப் தண்ணீரில் குதித்து ஒருவனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். இன்னொருவன், உயரமானவன், முகத்தில் துண்டு கட்டியிருந்தவன், தோணி தள்ளும் மூங்கில் கழியால் ஹனீபை அடித்தான். தலையில் விழ இருந்த அடியை ஹனீப் கையால் தடுத்தான். கை ஒடிந்த சத்தம் தோணி வரைக்கும் கேட்டது என்றான் ஆதிகேசவன். தான் ஏன் தோணியைவிட்டு இறங்கவில்லை என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

ஹனீபை மாட்டுவண்டியில் படுக்கவைத்து எளாவூர் ரோட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஒரு லாரியில் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சிக்கிக் கிடந்த பூநாரைகளை, வலையை அறுத்து ஒவ்வொன்றாக விடுவித்தார்கள். சில பறந்தன, சில பறக்கவில்லை.

கரைக்கு வந்ததும் பூவராகவன் கேட்டார். "தெற்கோடைன்னு யார் யாருக்குத் தெரியும், சுப்பராயன்?"

"நம்ம ரெண்டு பேருக்குத்தான் ஐயா."

சொல்லி முடித்த பிறகுதான் சுப்பராயனுக்கு அது ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது அவன் முத்தம்மாவிடம் பழைய கான்வாஸ் பூட்ஸை எடுத்துவைக்கச் சொன்னான். எதுக்கு இப்போ என்று அவள் கேட்டாள். தெற்கோடையில் கிளிஞ்சல் காலை அறுத்துவிடும் என்றான். அவ்வளவுதான் பேச்சு. அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அவன் அதை ஃபாரஸ்டரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமா என்றுகூட அப்போது அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் வீட்டுக்குள் போனபோது, அடுப்பங்கரையில் குந்தியிருந்த முத்தம்மாவை அவன் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"புட்ச்சிங்களா?" என்று கேட்டாள் அவள். இத்தனை மாதமாக ஒவ்வொரு முறையும் அவள் அதைத்தான் கேட்டாள். இன்று அவனுக்கு அது வேறுமாதிரிக் கேட்டது.

மறுநாள் பூவராகவன் அவனைப் பொன்னேரிக்கு அனுப்பினார். ஹனீப் என்ன சொல்கிறான், யார் வந்து பார்க்கிறார்கள் என்று கவனித்துவரச் சொன்னார். அவருக்கு இன்னும் ஹனீப் மேலிருந்த சந்தேகம் முழுக்கப் போகவில்லை. கூட்டாளிகளுக்குள் தகராறு வந்து அடித்திருக்கலாம் என்றார்.

ஆஸ்பத்திரியில் ஹனீபின் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைத் துப்பட்டி இருந்தது. சுப்பராயன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். ஹனீப்தான் கூப்பிட்டு, இது எங்க உம்மா என்றான்.

அம்மா கமர் நிஷாவுக்கு அழுது அழுது குரல் கட்டியிருந்தது. யாரோ கேட்க மாட்டார்களா என்று காத்திருந்ததுபோல அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மூத்த மகன் பர்மாவில் கடையில் இருந்தான். ஜப்பான் சண்டைக் காலத்தில் நடந்தே திரும்பியவர்களோடு கிளம்பினான், வந்து சேரவில்லை. அதனால் ஹனீபைப் பினாங்குக்கு அனுப்ப மாட்டேன் என்று அவள் கணவனின் காலில் விழுந்தாள். ஹனீபும் போக மறுத்தான். கப்பல் ஏறாதவனுக்கு என் வீட்டில் சோறு இல்லை, நீயும் அவனைப் பார்க்கக் கூடாது என்று ஷேக் தாவூத் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை அவர் பள்ளிவாசலில் இருக்கிற நேரம் பார்த்து, மகனுக்குக் கொஞ்சம் சோறு கட்டிக்கொண்டு தோணி ஏறி வந்து போனாள்.

"அதுகூட ஒளிஞ்சு ஒளிஞ்சுதாம்ப்பா," என்றாள். "இப்ப இங்க வந்து உக்காந்திருக்கேன். இவன் வாப்பா கேட்டா கேக்கட்டும்."

சுப்பராயனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடித்தவனை அடையாளம் தெரியுமா என்று ஹனீபைக் கேட்டான்.

"மூஞ்சி தெர்ல அண்ணே. ஆனா பீச்சாங்கைக்காரன். கழிய எடதுகையால வீசினான். அதான் என்னால சரியாத் தடுக்க முடில."

பொன்னேரியிலிருந்து திரும்புகிற வழியெல்லாம் சுப்பராயன் அந்த ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டு வந்தான். சின்னராசு இடதுகைக்காரன். வலை பின்னுவதும் தோணி தள்ளுவதும் இடதுகையால்தான். சுப்பராயனின் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூச வந்தபோது யாரோ அவனை அதட்டி, கையை மாற்றச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் நேராகக் கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்று பயந்தான். அதற்குப் பதிலாகக் கவனிக்க ஆரம்பித்தான். முத்தம்மா கொல்லைப் பக்கம் போனால் எத்தனை நேரம் கழித்து வருகிறாள் என்று பார்த்தான். அவள் விறகு பொறுக்கப் போனால் எந்தத் திசையில் போகிறாள் என்று பார்த்தான். கிணற்றடியில் ஆதிகேசவனின் மனைவியோடு அவள் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறாள் என்று யோசித்தான். தாழம்புதருக்குப் பின்னால் உட்கார்ந்து ஹனீபைப் பார்த்த அதே கண்ணால் தன் பெண்டாட்டியைப் பார்க்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்தது. நிறுத்தத்தான் முடியவில்லை.

நாலைந்து நாள் கழித்து அவன் நர்சரி வேலையை முடித்துக்கொண்டு வந்து, சும்மா கேட்பதுபோல, "குப்பத்துலேந்து உங்கண்ணி வந்தாங்களா?" என்றான்.

"இல்லியே," என்றாள் முத்தம்மா.

வீட்டுக்குப் பின்னால் கோழிகள் இறால் தலைகளைக் கொத்திக்கொண்டிருந்தன. ஈரம்கூடக் காயவில்லை.

அவன் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து அதைக் காட்டினான். முத்தம்மா கொஞ்ச நேரம் கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை உதறிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"நான்தான் சொன்னேன்," என்றாள். "ஒவ்வொரு தபாவும் நான்தான் சொன்னேன். அண்ணி இறால் குடுக்க வரும், அதுங்கிட்ட சொல்லி அனுப்புவேன்."

"உங்கண்ணன் என் கையப் புட்ச்சி சொன்னான், வலைய வுட்டுட்டேன்னு."

"வுட்டுட்டா ஆறு புள்ளைங்களுக்கு இன்னாத்த போடும்? இறால் கார்த்திகையோட கொறஞ்சி போச்சு."

"எனக்குத் துரோகம் பண்ணிக்கினு சோறு போட்டுக்கினு இருந்தியா?"

முத்தம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "துரோகம் இன்னா துரோகம்? நீயும் அவனும் தண்ணில எதிரும் புதிருமா நிக்கக் கூடாது. உன் கையில தடி இருக்கும், அவன் கையில கழி இருக்கும். உங்க ரெண்டு பேர்ல யார் வுழுந்தாலும் எனக்குத்தான். நீ போற எடத்துல அவன் இருக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

சுப்பராயன் அவள் முன்னால் குந்தினான். தெற்கோடையிலிருந்து கிளப்பிவிட்டதால்தான் அவர்கள் வடதிட்டுக்குப் போனார்கள், அங்கே ஹனீப் இருந்தான், அடித்தவன் இடதுகைக்காரன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். முத்தம்மா முதலில், அண்ணன் அடித்திருக்காது என்றாள். இரண்டாவது முறை அதையே மெதுவாகச் சொன்னாள். பிறகு சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவளே ஓடைக்குப்பத்துக்குப் போய்வந்தாள். சின்னராசு அங்கே இல்லை. எதிர்க்கரைக்குப் போய்விட்டதாக அண்ணி சொன்னாளாம். அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அன்று மாலை பூவராகவன் சுப்பராயனைக் கூப்பிட்டார். மறுநாள் ரேஞ்சர் விசாரணைக்கு வருகிறார் என்ற சேதி வந்திருந்தது. அவர் நாற்காலியில் உட்காராமல், ஜன்னலைப் பார்த்தபடி பேசினார். தெற்கோடை விஷயம் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர். ரேஞ்சர் இரண்டு பேரையும்தான் கேட்பார்.

"நீ செஞ்சிருக்க மாட்டேன்னு நான் நினைக்கிறேன்," என்றார். அதை அவர் சொன்ன விதத்தில், நினைக்க விரும்புகிறேன் என்பதுதான் இருந்தது. "அதனால இப்படிச் சொல்லிடு. கிளம்பறதுக்கு முன்னால ஹனீபுகிட்ட வாய் தவறித் தெற்கோடைன்னு சொல்லிட்டேன்னு. அவன் மேல ஏற்கெனவே கூடை விஷயம் இருக்கு. ரேஞ்சர் அதோட விட்டுடுவார்."

ஹனீபின் உம்மாவைப் பற்றிச் சுப்பராயன் அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தான். அம்மா என்று சொன்னால் அம்மாவாகிவிடுமா என்று கேட்டிருந்தார். இப்போதும் அதைத்தான் கேட்பார். சுப்பராயன் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தான். ஆட்டியது சரி என்றா இல்லை என்றா என்று அவனுக்கே தெரியவில்லை.

வீட்டில் முத்தம்மாவிடம் அதைச் சொன்னான். இனிமேல் எதையும் அவளிடம் சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தவன், வாசலில் கால் வைத்ததும் சொல்லிவிட்டான். அவள் கேட்டுக்கொண்டாள். நீ இன்னா சொல்லப்போறே என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை என்றான். உண்மையிலேயே தெரியவில்லை. வேலை போனால் திரும்பக் கூலிக்குப் போக வேண்டும். ஹனீபுக்கு வேலை போனால் அவனுக்கு அப்பா வீடு இருக்கிறது, பினாங்கு இருக்கிறது என்றுகூட ஒரு நேரம் தனக்குத்தானே சொல்லிப்பார்த்தான். அந்த எண்ணம் வந்ததும் கமர் நிஷாவின் குரல் காதில் கேட்டது.

ரேஞ்சரின் ஜீப் காலையில் வந்தது. ஆபீஸ் ஹாலின் வாசலில் கேம்ப் முழுக்கக் கூடியிருந்தது. வேலையில்லாதவர்களும் கிணற்றடியில் வேலை இருப்பதுபோல நின்றார்கள். முதலில் ஆதிகேசவனைக் கேட்டார்கள். அவன் வெள்ளிக்கிழமை, துப்பட்டி, கூடை என்று எல்லாவற்றையும் ஒப்பித்தான். பிறகு சுப்பராயனைக் கூப்பிட்டார்கள்.

தெற்கோடை விஷயத்தை யாரிடமாவது சொன்னாயா என்று ரேஞ்சர் கேட்டார். பூவராகவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னேன் ஐயா," என்றான் சுப்பராயன். "ஹனீபுகிட்ட இல்ல. என் ஊட்ல சொன்னேன். அங்கேந்துதான் போச்சு."

பூவராகவன் தலை நிமிர்ந்தார்.

உன் வீட்டிலிருந்து யாருக்குப் போனது என்று ரேஞ்சர் கேட்டார். சுப்பராயன் கிணற்றடிப் பக்கம் பார்த்தான். ரேஞ்சர் மறுபடியும் கேட்டார். பெண்டாட்டியின் அண்ணனைத் தன் வாயால் காட்டிக்கொடுப்பதா என்று அவன் நின்றான். அப்போது கிணற்றடியிலிருந்து முத்தம்மா எழுந்து வந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசற்படிக்குக் கீழே நின்றாள்.

"ஓடைக்குப்பத்துச் சின்னராசு. எங்கூடப் பொறந்த அண்ணன்," என்றாள். "சேதி சொன்னது நான். அந்தப் புள்ளைய அடிச்சது அவன். இவருக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சின்னராசு ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு இந்தப் பக்கம் வந்தபோது, ஆரம்பாக்கத்தில் பிடித்தார்கள். கோர்ட்டில் அவன் மறுக்கவில்லை. யார் காட்டிக்கொடுத்தது என்று மட்டும் கேட்டானாம். ஜெயிலுக்குப் போனான். முத்தம்மாவின் மேல் ரேஞ்சர் வழக்கு ஒன்றும் போடவில்லை. சுப்பராயனை வேலையிலிருந்து நிறுத்திவைத்து, பிறகு ஜவ்வாது மலைக்கு மாற்றினார்கள். வேலை போகாமல் தப்பியதற்குப் பூவராகவன் பேசியதுதான் காரணம் என்று சொன்னார்கள். ஆனால் அவர் சுப்பராயனிடம் அதன்பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை. தான் சொல்லிக்கொடுத்த பொய்யைப் பற்றி ரேஞ்சரிடம் அவன் சொல்லிவிட்டானோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். அவன் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

சுப்பராயன் கிளம்புவதற்கு முன்பு ஹனீப் கேம்ப்புக்குத் திரும்பியிருந்தான். கை இன்னும் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. அவனுடைய வாப்பா ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டில் பக்கம் வராமல் டாக்டரிடம் மட்டும் பேசிவிட்டுப் போனாராம். ஆனால் அதற்குப் பிறகு கமர் நிஷா வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கவில்லை, நினைத்த நாளில் வந்தாள்.

சுப்பராயன் அவனிடம் தாழம்புதர் விஷயத்தைச் சொன்னான். தான்தான் ஃபாரஸ்டரிடம் போய்ச் சொன்னதாகவும் சொன்னான்.

"நானும் உன்னச் சந்தேகப்பட்டேன் அண்ணே," என்றான் ஹனீப். "வந்த புதுசுலயே குப்பத்துப் பக்கம் போனேன். உன் மச்சான் ஊட்டாண்ட பறவவலை காய்ஞ்சிக்கினு இருந்துச்சு. இறால் வலைன்னா கண்ணி சின்னதா இருக்கும்."

"அப்போ ஏன் ஃபாரஸ்டராண்ட சொல்லல?"

"வலை உன் மச்சானுது. நீ சொன்னியா, வேற யார்னா சொன்னாங்களா, எனக்கு எப்டித் தெரியும்? தெரியாம எப்டிச் சொல்றது?"

ஹனீப் நல்ல கையால் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து, வண்டியில் ஏற்ற உதவினான். பிரியமாக ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. திட்டவும் இல்லை.

எளாவூர் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தது ஆதிகேசவன் ஒருவன்தான். வண்டி வருகிறவரைக்கும் கேம்ப் சேதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஃபாரஸ்டர் வீட்டு அம்மாவுக்கு மறுபடியும் ஜுரம். சுப்பராயனின் வீட்டுக்குத் திருத்தணிப் பக்கத்து ஆள் ஒருவன் வருகிறான், அவன் எப்படிப்பட்டவன் என்று இன்னும் தெரியவில்லை, கொஞ்சம் பார்த்துத்தான் பழக வேண்டும். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீயும் அந்த ஹனீபும் கூட்டுன்னுதான் எல்லாரும் இன்னும் பேசிக்கினு கீறாங்க," என்றான். "இல்லன்னா உனுக்காக அவன் ஏன் பொட்டியத் தூக்குறான்?"

சுப்பராயன் அவனைப் பார்த்தான். கோபம் வரும் என்று நினைத்தான், வரவில்லை.

வண்டி வந்ததும் முத்தம்மா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பல நாளாக அவர்கள் தேவைக்குமேல் பேசிக்கொள்ளவில்லை. குப்பத்தில் அவளோடு யாரும் பேசக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். இரண்டுமுறை போய்விட்டு வாசலிலிருந்தே திரும்பியிருந்தாள்.

சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் சுப்பராயன் பார்த்தான். பிளாட்பாரத்தின் கடைசியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சின்னராசுவின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று. கிட்டே வரவில்லை. வண்டியைப் பார்க்கிறாளா, வேறெதற்காவது வந்தாளா என்றும் சொல்ல முடியாது. முத்தம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியாது.

சொல்லாமலிருந்தால் அவள் அழாமல் வருவாள் என்று நினைத்தான். வண்டி ஊதியது. அவன் ஏறி வாசலில் நின்றான்.

"முத்தம்மா," என்றான். "அண்ணி வந்து நிக்குது. தொட்டியாண்ட."

அவள் எழுந்து இந்தப் பக்கத்து வாசலுக்கு ஓடிவந்தாள். வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. சுப்பராயன் அவள் விழுந்துவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டான். அண்ணி கையசைக்கவில்லை. இடுப்பிலிருந்த பிள்ளையை மட்டும் கொஞ்சம் தூக்கி, வண்டிப் பக்கமாகத் திருப்பினாள்.